நொச்சி யாருக்கு

மீனலோசனி ஓடைக் குழுவில் சேர்ந்ததே தவறுதலாகத்தான். பசுமலையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களிடம் தெருமுனைக் குப்பையையும் சேர்த்து அள்ளுவார்களா என்று கேட்கப் போனவள் கையில் யாரோ மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டாள். வீட்டில் கணவர் ஜனகராஜ் எதற்குப் போகிறாய் என்று சௌராஷ்டிர மொழியில் கேட்டார். ஆனாலும் அடுத்த வாரமும் போனாள்.

கரையை அடைத்திருந்த சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு நீர்மருது, புங்கை, நொச்சி என்று இந்த மண்ணின் செடிகளை வைப்பது குழுவின் வேலை. நொச்சி வரிசை மீனலோசனியின் பொறுப்பு. ஒரு மாதம் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். பிறகொரு ஞாயிறு வந்து பார்த்தால் வரிசையில் பாதி வெறும் குழி.

ஆடு மேய்ந்திருக்கும் என்றான் குழுவை நடத்தும் விக்ரம். மேய்ந்திருந்தால் தண்டாவது மிஞ்சுமே என்று நினைத்தபடி கரையோரமாக நடந்தாள். சற்றுத் தள்ளி, கரையோரம் ஆடு வளர்க்கும் அன்னக்கொடியின் வீட்டுப் பின்புறம், மீனலோசனி வைத்த நொச்சிகள் நெருக்கமாக நின்றன.

அன்னக்கொடி எதையும் மறைக்கவில்லை.

"நாந்தேன் டீச்சர் பிடுங்கியாந்தேன். எங்க வீட்டுக்கு வேலியே அந்தக் கருவேலந்தேன். அம்புட்டையும் வெட்டிப்புட்டீங்க. மறுநாளே நாய் உள்ள வந்து ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டுப் போயிருச்சு."

தான் டீச்சர் இல்லை என்று சொல்லத் தோன்றியது. அதைச் சொல்லும் நேரமா இது என்றும் தோன்றியது. அந்தக் கருவேலத்தில் தன் கை வெட்டியது எவ்வளவு என்று யோசித்தாள். கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா? இரண்டும் இல்லாமல், "தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

விக்ரமிடம் நடந்ததைச் சொன்னாள். திரும்பப் பிடுங்கி வந்து நடலாம் என்றான். அப்போது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே புதிது.

"அது அங்கயே இருக்கட்டும் தம்பி. இங்க வேற வைப்போம்."

"அப்ப நாம ஓடைக்கு வைக்கிறமா, அவங்க வேலிக்கு வைக்கிறமா?"

"தெரியலையே தம்பி."

உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. புதுக் கன்றுகள் வந்தன. நட்டார்கள். ஐப்பசி மழையில் ஓடை பெருகிக் கரையில் இருந்த கன்றுகளில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. அன்னக்கொடியின் வேலி மட்டும் இடுப்புயரம் வளர்ந்து கம்மென்று மணத்தது.

தை மாதத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஓடையைப் பார்க்க வந்தார்கள். விக்ரம் அவர்களை நேரே அந்த வேலிக்கு அழைத்துப் போய், எங்கள் குழு வைத்ததில் நன்றாக வந்தது இதுதான் என்றான். பிள்ளைகள் படமெடுத்தார்கள். அன்னக்கொடி ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். மீனலோசனியையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

சிரிக்கச் சொன்னார்கள். மீனலோசனி சிரித்தாள். விக்ரம் சொன்னது பொய்யா மெய்யா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.