ஜென்னாரோ அப்பாவை வெட்டிய சவரக்காரர்

என் வீட்டுக்காரர் சபாத்தீனோ கொசுவைக்கூட அடிக்கமாட்டார், ஊதித்தான் விரட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை நேப்பிள்ஸ் பட்டணத்திலேயே பெரிய கொலைகாரன் ஆக்கிவிட்டான் ஒரு ஓவியன். நினைத்தால் இப்போதும் எனக்கு அடிவயிறு எரிகிறது. கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வருகிறது. கேளுங்கள்.

வெசுவியஸ் மலை வெடித்துச் சாம்பல் கொட்டிய வருஷம் எங்கள் சந்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. எல்லாம் எங்கள் பட்டணத்தின் காவல் புனிதர் ஜென்னாரோ அப்பாவின் காவல். அதனால் எங்கள் சின்னக் கோயிலின் பீடத்துக்கு மேலே அவர் படம் ஒன்று வைப்பதாகச் சந்தே சேர்ந்து நேர்ந்துகொண்டது. சும்மா படம் இல்லை, அந்தப் புனிதரின் தலையை வெட்டுகிற படம். பார்த்தவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டாமா?

வேலை ஒத்தாவியோவுக்குப் போனது. அவனுக்குக் கோபம் மூக்கு நுனியில், குளியல் வருஷத்துக்கு ஒருமுறை. ஆனால் கை இருக்கிறதே, அடேயப்பா! தாளில் கோடு போட்டுப் பார்க்கிற வழக்கமே அவனிடம் கிடையாது. தெருவில் போகிற ஆளைப் பிடித்து நிறுத்தி, நேராகத் துணியில் வரைவான். சூசையப்பர் வேண்டுமென்றால் தச்சனைப் பிடிப்பான், மாதா வேண்டுமென்றால் துணி துவைக்கிறவளைப் பிடிப்பான்.

ஒருநாள் எங்கள் வாசலில் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவன், பாதித் தாடியோடு எழுந்துவிட்டான்.

"சபாத்தீனோ, நீதான்யா வெட்டுற ஆளு!"

நான் பக்கத்தில் விற்பனைக்கு நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு போனேன். "ஏன்யா, இந்த ஊர்ல ரவுடிக்கா பஞ்சம்? என் புருஷன்தான் கெடச்சாரா?"

"போம்மா. கெட்டவன் கொன்னா எவன் அழுவான்? நல்லவன் கொல்லணும். அப்பத்தான் வயித்தக் கலக்கும்."

அது மட்டுமா? புனிதருக்கு யாரைப் பிடித்தான் தெரியுமா? சிக்கோவை! அடுத்தவன் வீட்டுக் கோழி, அடுத்தவன் வீட்டுப் பூட்டு, இரண்டும் அவன் கைபட்டால் சத்தமே போடாது. மூஞ்சி மட்டும் தேவதூதன் மாதிரி இருக்கும். ஒத்தாவியோவின் நிலவறையில் இந்த இரண்டு பேரும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். ஒரே ஒரு சன்னல் வெளிச்சம், மீதியெல்லாம் இருட்டு. சிக்கோ முழங்காலில் கழுத்தை நீட்டிக்கொண்டு இருப்பான். இவர் பின்னால் வாளை ஓங்கி நிற்பார். கை இறங்காமல் இருக்க மணிக்கட்டை உத்தரத்துக் கயிற்றில் கட்டியிருந்தான் அந்தப் பாவி.

திரை விலக்கிய நாளைச் சொல்லவேண்டும். ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! படம் முழுக்கக் கும்மிருட்டு. அந்த இருட்டைக் கிழித்துக்கொண்டு சிக்கோவின் கழுத்தில் வந்து விழுகிறது வெளிச்சம். மேலே வாள். வாளைப் பிடித்த கை என் புருஷனுடையது, சட்டைத் தோளில் இருந்த ஒட்டு நான் போட்டது. முகத்தில் கோபமே இல்லை. குழந்தைக்குப் பல் பிடுங்கும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வாரே, அதே முகம். கோயிலே குமுறிக் குமுறி அழுதது. நானும் அழுதேன், பெருமையில்.

பெருமை மறுநாள் காலைவரைதான். சவரத்துக்கு ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரன் மெல்ல வந்து சொன்னான்.

"தப்பா எடுத்துக்காத கார்மோசீனா. அது வெறும் படம்னு எனக்குத் தெரியும். ஆனா என் கழுத்துக்குத் தெரிய மாட்டேங்குதே!"

பிரிஜிதா பெரியம்மா இன்னும் மோசம். அவளும் அவள் கூட்டத்துக் கிழவிகளும் ஜென்னாரோ அப்பாவின் சொந்தக்காரிகள். அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், எதிர்த்துக் கேட்க எவனுக்கும் தைரியம் கிடையாது. என் வீட்டுக்காரர் தெருவில் போனால் காறித் துப்பினாள். "எங்க வீட்டுப் பிள்ளைய வெட்டுன கை! வெளங்குமாடா உனக்கு?"

அந்தத் திருட்டுப்பயல் சிக்கோவின் கையையோ வரிசையாக நின்று முத்தமிட்டார்கள்! என் அடுப்புக்கே வந்து நின்றான். "ஆசீர்வாதம் மகளே. ரெண்டு நெத்திலி போடு."

ஒத்தாவியோவிடம் ஓடினேன். "மூஞ்சிய மாத்திப் போடுய்யா, புண்ணியமாப் போகும்."

"என் உசிரு போனாலும் அந்த மூஞ்சியத் தொடமாட்டேன்! இத்தன வருஷத்துல உருப்படியா நான் போட்டது அது ஒண்ணுதான்."

"சரி, நீயாவது வந்து செரச்சுக்க. கரடி மாதிரி இருக்க."

அவன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "கோவிச்சுக்காதம்மா. எனக்கே பயமா இருக்கு."

போட்டவனுக்கே பயமாம்! தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அதைவிடப் பெரிய இடி. இவர் கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"துடுப்பு வலிக்கிற கப்பலுக்குப் பேரு குடுத்துட்டேன். திருநா முடிஞ்ச மறுநா கெளம்புது."

"பைத்தியமாய்யா உனக்கு? அங்க போனவன் எவன்யா முழுசாத் திரும்பி வந்திருக்கான்?"

"கத்திய எடுத்தாலே கை நடுங்குது, கார்மோசீனா. ஊரே சொல்றப்போ, நெசமாவே செஞ்சுட்டமோன்னு தோணுது."

அன்று நான் அழுத அழுகை எனக்கும் அடுப்புக்கும்தான் தெரியும்.

திருநாளும் வந்தது. பேராலயத்தில் ஜென்னாரோ அப்பாவின் காய்ந்த இரத்தம் கண்ணாடிச் சிமிழுக்குள் இருக்கிறது. திருநாளன்று அது உருகி ஓடவேண்டும். ஓடினால் வருஷம் நல்ல வருஷம். ஓடாவிட்டால் கொள்ளைநோயோ, மலையோ, துருக்கியனோ, ஏதோ ஒன்று நிச்சயம். சொந்தக்காரிகள் முன்வரிசையில் நின்று அவருடைய தங்கச் சிலையைப் பார்த்துத் திட்டினார்கள். "ஏ மஞ்ச மூஞ்சி! உருக்கப் போறியா இல்லையா? உன் சொந்தத்த இப்படியாடா நிக்க வைப்ப?" மத்தியானம்வரை அசையவில்லை.

தொண்டை கட்டிப்போய்ச் சந்துக்குத் திரும்பிய பிரிஜிதா கண்ணில், வாசலில் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பட்டார்.

"இவன் இருக்குற ஊர்ல எப்படிடீ உருகும்?"

அவ்வளவுதான். கூட்டம் நெருங்கியது. ஒருத்தன் குனிந்து கல்லை எடுத்தான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம்! என் சட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்த சிக்கோவின் காதைப் பிடித்து இழுத்து, சவர நாற்காலி முன்னால் நிறுத்தினேன்.

"உங்க ஜென்னாரோ அப்பாதானடி இவன்? இவனே சொல்லட்டும். வாயத் தொறடா, இல்லேன்னா கொதிக்கிற எண்ணெய உன் தலையில ஊத்திருவேன்!"

சிக்கோ என்னைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான். முகத்தில் இருந்த புனிதக் களை வடிந்துபோனது.

"கப்பலுக்கா போற, சபாத்தீனோ?" என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஒருநா அந்தக் கயிறு அறுந்துபோச்சு. வாளு நேரா என் கழுத்துக்கு வந்துச்சு. இவரு வெறுங்கையால அலகப் புடிச்சாரு. கைய விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. இதச் சொன்னா ஓசிச் சோறு போயிருமேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

இவர் உள்ளங்கையில் குறுக்கே அந்தத் தழும்பு. சவரக்கத்தி வழுக்கிவிட்டது என்றுதான் எனக்கே சொல்லியிருந்தார் மனுஷன்!

சிக்கோ பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தான். "செரைங்கண்ணே. படத்துல கொன்னாச்சு, இப்ப சவரம் பண்ணுனா என்ன கொறஞ்சுபோகும்?"

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். கத்தியைப் பிரிக்கும்போது கை கிடுகிடுவென்று ஆடியது. கன்னம் முடிந்தது. தாடை முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது கை ஒரு நூல் பிசகியது. சிவப்பாக ஒரு சொட்டு. இவர் அப்படியே உறைந்துபோனார். கல்லை எடுத்தவன் கையை ஓங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரிஜிதா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அந்தச் சொட்டு மெல்ல இறங்கிச் சிக்கோவின் காறை எலும்பில் வழிந்தது. கிழவி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள்.

"ஓடுதுடீ! ரத்தம் ஓடுது! ஜென்னாரோ மனசு எறங்கிட்டாரு!"

சந்தே அதிர்ந்தது! மணி அடித்தார்கள், முழங்காலில் விழுந்தார்கள், கல் எடுத்தவனே இவரைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஐயோ எரியுதுடா, யாராச்சும் துணி குடுங்கடா" என்று சிக்கோ கத்தியது எவன் காதிலும் விழவில்லை. அந்த அமளியில் பிரிஜிதா அவனை ஒரே தள்ளில் எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். மூன்று முடி முளைத்த தன் மோவாயை நீட்டினாள்.

"என்னடா பாக்குற கொலகாரா? வரிசை நிக்குதில்ல, சீக்கிரம் செரை."

இவர் கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார். கை ஆடவில்லை. என் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"கார்மோசீனா, வெந்நீர் கொண்டா."