ஆப்பிரிக்கா போகாத பதினேழு நாட்கள்

எழுபது வயதில் ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகக் கிளம்பினேன். சித்தூர் சபை ஆறு மாலைகள் போட்டு வழியனுப்பியது. சென்னையில் இறங்கியதும் விசா மறுக்கப்பட்ட செய்தி வந்தது. ஊர் திரும்ப வெட்கப்பட்டு, திருப்பதியில் அறை எடுத்துப் பதினேழு நாட்கள் ஒளிந்திருந்தேன்.

பதினேழாம் நாள் அங்கே பஸ் நிலையத்தில் எங்கள் சபை எஸ்தர் என்னைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாங்கய்யா, ஆப்பிரிக்கா திருப்பதியிலயா கீது?”

உடனே அவள் குரல் இறங்கியது. “எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு. நாளைக்கு ஆபரேஷன். ஜெபம் பண்ண ஆளில்லன்னு அழுதுகினு வந்தேன். வாங்க.”

ஆஸ்பத்திரியில் அறுபத்திரண்டு படிகள் ஏறினேன். பயணத்துக்காக மனப்பாடம் செய்த ஜெபத்தில் ஒரு வரியும் வரவில்லை. எஸ்தர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெகுநேரம் விடவில்லை.

அவர் பிழைத்தார். எஸ்தர் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு சித்தூர் ஆராதனையில் நானே எழுந்து, ஒளிந்திருந்ததைச் சொன்னேன்.

மறுபடி விண்ணப்பித்த விசாவுக்காக இன்னும் நாள் எண்ணுகிறேன். ஆப்பிரிக்காவுக்குக் கட்டிய பெட்டியை மட்டும் பிரித்துவிட்டேன்.