போஸ்டரில் இல்லாத பெயர்

ஓசூர் சிப்காட்டில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஜெயமணிக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால், "மெஷினுக்குப் புத்தி சொல்றது" என்பாள். பாதி பெருமை, மீதியும் பெருமைதான். அங்கே லீவு வேண்டுமென்றால் யாரிடமும் போய்த் தலையைச் சொறிய வேண்டியதில்லை. போனில் பேசி அனுப்பினால் போதும். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, மூன்றையும் கலந்த ஓசூர்ப் பேச்சோ, சாட்பாட் அதை எழுத்தாக்கிக்கொண்டு பதிலும் கேட் பாஸும் கொடுத்துவிடும். அது கொடுத்த பதில்கள் சரியா என்று பார்த்துத் திருத்துவது ஜெயமணியும், பக்கத்து நாற்காலி அப்பாஸும்.

நான்கு வருஷத்தில் அவள் கேட்காத சாவு இல்லை. ஒரு பொங்கல் வாரத்தில் மட்டும் பதினேழு பெரியம்மாக்கள் இறந்தார்கள். கெலமங்கலத்துக் கோவிந்தப்பனுக்கு ஒரே வருஷத்தில் மூன்று பெரியம்மா போனார்கள். மெஷின் பாவம், மூன்று தடவையும் ஆழ்ந்த இரங்கல் சொல்லி லீவு கொடுத்தது. ஜெயமணி விடுவாளா? சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றாள். அடியில் அச்சடித்த சொந்தக்காரர் பெயர்களை மெஷின் படிக்கும். கேட்டவர் பெயர் இருந்தால் லீவு, இல்லையென்றால் இல்லை. கெஞ்சினால் மனசு இளகிவிடும் என்று, அந்தப் பதிலை ஆபீசில் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் போடச் சொன்னாள். பெரியம்மாக்கள் சாவது சட்டென்று நின்றது. அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லாவியிலிருந்து தம்பி கோபி பேசினான். அவனுடைய அம்மா வெள்ளையம்மா விடியற்காலையில் இறந்துவிட்டாள். ஜெயமணிக்குச் சொந்தப் பெரியம்மா. பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் அவள் வீட்டில்தான் கிடப்பாள். தலைவாரிப் பின்னிவிட்டவள், முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவையைக் கட்டாமல் ஊர் முழுக்கக் காட்டியவள். நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பதினொரு மணிக்குள் பஸ் ஏற வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபி அனுப்பிய போஸ்டர் படத்தோடு சாட்பாட்டில் பேசினாள். மூன்றே நொடியில் பதில் வந்தது: "தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த இரங்கல். போஸ்டரில் தங்கள் பெயர் இல்லை. விடுப்பு மறுக்கப்படுகிறது."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மகன்கள் இருந்தார்கள். மருமகன்கள், பேரன்கள், அண்ணன் மகன்கள் இருந்தார்கள். போன மாசம் பிறந்த கொள்ளுப்பேரன்கூட இருந்தான். பொம்பளை பெயர் ஒன்று இல்லை. இத்தனை நாளாகப் போஸ்டர் அனுப்பியவர்கள் மெஷின் ஷாப் ஆம்பிளைகள்; அதனால் இது அவள் கண்ணில் படவே இல்லை.

"அப்பாஸ், நீயாவது ஓகே பண்ணுப்பா."

"பட்டனே இல்லீங்க மேடம். நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க." அவன் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள்.

கேட் பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி விடமாட்டான். மணி பத்தரை. மெஷினோடு வாதாடிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது மரியாதையாக இரங்கல் சொன்னது. கடைசியில் கோபியைக் கூப்பிட்டாள்.

"போஸ்டர்ல என் பேரு இல்லியே கோபி."

"பொம்பளைங்க பேரு எதுக்குக்கா போடுவாங்க? பெத்த பொண்ணு சாந்தம்மா அக்கா பேரே இல்ல."

"எனக்கு லீவு குடுக்க மாட்டேங்குது. பெரியம்மா மொகத்தப் பாக்க முடியாது போலிருக்குது." அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

"இருக்கா" என்று கோபி போனை வைத்தான். பிறகு இன்னொரு படம் வந்தது. தெருமுனைச் சுவரில் ஒட்டிய அதே போஸ்டர். பேரன்களுக்குக் கீழே கருப்பு மார்க்கரில் கோணல்மாணலாக, 'மகள் ஜெயமணி'. அனுப்பினாள். அச்சா, கையெழுத்தா என்று பார்க்க மெஷினுக்கு அவள் சொல்லித்தந்ததில்லை. லீவு கிடைத்தது.

இரண்டரை மணிக்கே கல்லாவி போய்விட்டாள். முகத்தைப் பார்த்தாள், காலைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர அழுதாள். நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆம்பிளைகள் பாடையோடு போக, பொம்பளைகள் வழக்கம்போலத் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நின்ற இடத்தில் அந்தச் சுவர். பெரியம்மாவின் மூத்த மகள் சாந்தம்மா போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்த தாய்க்கு வாயில் கஞ்சி ஊற்றியவள் அவள்.

"ஒன் பேரு மட்டும் இருக்குதே, ஜெயா."

ஜெயமணி வெட்கிப்போய், கம்பெனி லீவு, மெஷின் என்று எதையோ உளறினாள். சாந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் கேட்கவும் இல்லை. பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு மார்க்கர் வாங்கிவந்தாள். மகள் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு 'கள்' சேர்த்தாள். ஜெயமணிக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில், நுணுக்கி நுணுக்கித் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, பின்னால் நின்ற தங்கைகளிடம் மார்க்கரை நீட்டினாள்.