டம்ப் லிவரில் என் கை

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கும் சிறு விமானத்தில் இருந்தோம். திடீரென்று, விமானத்தை ஓட்டப் பிடிக்கும் ஸ்டிக் கேப்டனின் மடியில் வந்து விழுந்தது. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது வாலில் இருக்கும் எலிவேட்டர். அதன் கேபிள் அறுந்துவிட்டது.

"போச்சுங்க தம்பி. வாலு பேச்சக் கேக்கல," என்றார் கேப்டன் ராமசாமி. கோயம்புத்தூர்க்காரர், எந்தப் பதற்றத்திலும் மரியாதை போகாது. "டிரிம் சக்கரத்தப் பின்னால சுத்துங்க. மெதுவா!"

டிரிம் என்பது எலிவேட்டரின் ஓரத்தில் உள்ள சின்னத் தகடு. அதற்குத் தனிக் கேபிள். மெக்கானிக் நான், சுற்றினேன். மூக்கு அரைமனதாக நிமிர்ந்தது. ஆனால் எதிரே மலைமுகடு. தொட்டி நிறையத் தாமிர மருந்து. அந்தக் கனத்தோடு ஏறவே முடியாது.

"டம்ப் பண்ணுங்க!"

லிவர் என் பக்கம். இழுத்தால் மொத்த மருந்தும் ஒரே வீச்சில் கொட்டும். கீழே பார்த்தேன். நிரை பிடித்துப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்களை இறக்கியாயிற்று என்று ஃபேக்டரிக் கூரையில் வெள்ளைத் துணி காட்டியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நானும்தான். கொழுந்து நிறுவைக்கு முன்னால் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கணக்குத்தான் என்பது அங்கே எலும்பில் ஏறிய பயம். இங்கே யார் விரட்டினாலும் கால் நகராது.

"ஆள் நிக்குது சார்!"

"தெரியுதுங்க. நாம பொழைக்க வேண்டாமா? இழுங்க!"

"மாட்டேன் சார். இடப்பக்கம் திருப்புங்க. பள்ளத்தாக்கோட கீழே போயிருவோம். ஏறவே வேணாம்."

"திருப்புனா மூக்குக் கவுந்துருமுங்க!"

"டிரிம்ம நான் பாத்துக்கிறேன். நீங்க த்ராட்டில் குடுங்க."

முதல்முறையாக அவர் வாயில் மரியாதை இல்லாத ஒரு வார்த்தை வந்தது. ஆனால் விமானத்தைத் திருப்பும் ரடர் மிதியை மிதித்தார். மூக்குக் கவிழ்ந்தது, எஞ்சின் கத்தியது, டிரிம் சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றினேன். சில்வர் ஓக் மரங்களின் நுனி விமானத்தின் அடிச்சக்கரங்களில் உரசியது. பள்ளத்தாக்கு திறந்தது. ஆளில்லாத பாறைச்சரிவு வந்ததும் லிவரை இழுத்தேன். விமானம் குதித்து எழுந்தது.

காரமடைப் பக்கம் எங்கள் ஓடுபாதையில் இறங்கினோம். இறங்கினோம் என்பது பெரிய பேச்சு. மூன்று முறை குதித்து, விமானத்தின் சக்கரக்கால் ஒன்று முறிந்து, கோணலாக நின்றோம்.

ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டிருந்த மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கத்தினார்: "கேப்டன் ஆர்டரை மறுக்க நீ யாருடா? சிலோன்ல இருந்து வந்தவனுக்கு இவ்வளவு திமிரா?"

"ஆமா சார். ஆள் நிக்கிற மலையில நாளைக்கும் இழுக்க மாட்டேன்."

கேப்டன் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு இவரு ஏறுனாத்தான் நானும் ஏறுவேனுங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கேபிள் போனால் எது மிச்சமிருக்கிறது என்று தரையிலேயே தொட்டு, சுற்றி, பழகிக்கொள்ளுங்கள். உயிர் பிழைக்க மட்டுமல்ல. இன்னொரு வழி தெரிந்தவனால்தான் ஆர்டர் போடுகிறவர் முகத்தைப் பார்த்து 'மாட்டேன்' என்று சொல்ல முடியும்.