பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகு

ஜலால் எடுத்த நல்ல படங்களில் ஒன்றுமே இருக்காது. முக்கால்வாசி வானம், அடியில் கோடு போல ஒரு வரப்பு, ஓரத்தில் ஒற்றைப் பனை. அவ்வளவுதான். மதுரை கீழவெளி வீதியில் அவனுடைய ஸ்டுடியோவுக்கு அடுத்த கடையில் நான் படங்களுக்குப் பிரேம் போட்டுக்கொண்டிருந்தேன். "ஏன் மாப்ள, இதுல எதைப் பாக்கச் சொல்ற?" என்று கேட்டால், "இல்லாததைப் பாரு" என்பான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவன் படத்துக்கு மட்டும் நல்ல தேக்காகத் தேடி எடுப்பேன்.

1986-இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். கடைசி எட்டு வருஷம் அப்படிப்பட்ட படம் ஒன்றுகூட அவன் எடுக்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும்.

வயிற்றுப்பாட்டுக்கு அவன் எடுத்தது சாவு வீட்டுப் படங்கள். உயிரோடு இருந்தவரை ஸ்டுடியோ பக்கம் எட்டிப் பார்க்காதவர்களையும், போன பிறகு நாற்காலியில் சாய்த்துவைத்து, சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். கேட்டது போக மிச்சம் இருந்தால், திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்திக் கண்மாயையோ கரட்டையோ எடுப்பான். வேலை முடிந்த பிறகுதான் தன் ஆசை என்பதில் கறாராக இருந்தான்.

1978 ஐப்பசியில் அலங்காநல்லூர் பக்கம் ஓர் ஊரில் ஒச்சாயி என்ற பத்தொன்பது வயதுப் பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் படம் வேண்டுமென்று ஆள் அனுப்பினார்கள். ஜலாலிடம் இருந்தது ஒரே ரோல். போகும் வழியில் கண்மாய் நிறைந்து கிடந்தது. மேகம் இறங்கி, தண்ணீர் எது வானம் எது என்று தெரியாத வெள்ளை. நடுவில் ஒரு காய்ந்த குச்சி, அதன்மேல் ஒரு மீன்கொத்தி. திரும்பும்போது இந்த வெளிச்சம் இருக்காது என்று நினைத்தான். பத்துதானே கேட்டார்கள் என்றும் நினைத்தான். இரண்டு படம் எடுத்தான்.

சாவு வீட்டில் பத்தும் முடிந்து பாடை தூக்கும் நேரத்தில், தகவல் தாமதமாகக் கிடைத்து, கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள் பெண்ணைப் பெற்ற மாயக்காள். அழுது ஓய்ந்ததும் மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜலாலைப் பார்த்தாள்.

"பாய், எம்மகளையும் என்னையும் சேத்து ஒண்ணு புடிங்க. நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோகூட எடுத்ததில்ல."

ரோல் தீர்ந்துவிட்டது. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குனிந்து கேமராவைப் பார்த்து, ஃபிளாஷ் மட்டும் அடித்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாயக்காள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஃபிலிமை இன்னும் கழுவவில்லை என்றான். அடுத்த மாதம் வந்தாள். படம் போடப் பேப்பர் இல்லை என்றான். அவளை அனுப்பிவிட்டு அன்றைக்கு என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினான். நான் கண்டபடி ஏசினேன்.

"ஒரு குருவிக்காகப் பெத்தவ வயித்துல அடிச்சிருக்கியேடா. அடுத்த தடவை வந்தா உண்மையச் சொல்லு."

"சொல்றேன் மாப்ள" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தை பிறந்ததும் வந்தாள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னான்.

"அக்கா, அந்தப் படம் இல்லக்கா. ஃபிலிம் தீந்துபோச்சு. வெறும் லைட்டு மட்டும்தான் அடிச்சேன். மன்னிச்சிருங்க." ஒச்சாயியின் முகத்தை மட்டும் பெரிதாக்கிய படமொன்றை எடுத்து நீட்டினான். "இது மாப்பிள்ள வீட்டுக்கு எடுத்ததுல இருந்து போட்டது. வச்சுக்கங்க."

மாயக்காள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுல கண்ணு மூடியிருக்கு பாய்" என்றாள். "நீங்க லைட்டு அடிக்கையில எம்மடியில லேசாக் கண்ண முழிச்சா. நான் பாத்தேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. போட்டோவுல தெரியும்னுதான் இம்புட்டுத் தடவை வந்தேன்."