வக்கீல் எழுதிக் கொடுத்த ஆறுதல்

அந்தப் பெரிய மருந்துக் கம்பெனியின் ஏழாவது மாடியில் சட்டப் பிரிவு இருந்தது. அதன் தலைவரை ஆபீசே முதுகுக்குப் பின்னால் ‘ரப்பர்’ என்றுதான் சொல்லும். கோர்ட் படியேறி வாதாடுகிற வக்கீல் இல்லை அவர். கம்பெனி வாயைத் திறக்குமுன், வெளியே வரப்போகும் வார்த்தைகளை அழிப்பதுதான் அவர் பிழைப்பு. ‘எங்கள் மருந்தால்’ என்று யாராவது எழுதினால் அழிப்பார். ‘மன்னிக்கவும்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பார். மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். நன்றாகப் படித்தவர், அதில் ஒரு குறையும் இல்லை.

காய்ச்சலுக்குக் கொடுத்த சொட்டு மருந்தால் குழந்தைகளுக்குக் காது போகிறது என்று டிவியில் வந்ததும் ஊரே கம்பெனியைக் கரித்துக் கொட்டியது. கேட் வாசலில் பெற்றோர் கூட்டம். கடைக்காரர்கள் அந்த டப்பாவை எடுத்து உள்ளே ஒளித்தார்கள். விளம்பரப் பிரிவுத் தலைவி ரப்பரின் அறைக்கு ஓடி வந்தாள்.

“சார், நம்ம பேரு நாறிக்கிட்டிருக்கு. போன் பண்றவங்களுக்கு ஆறுதலா ஏதாவது சொல்லணும். ஆனா நாம மாட்டிக்கவும் கூடாது.”

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்: ‘உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது. எதனால் நடந்தது என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குழந்தை நலம்பெற வேண்டுகிறோம்.’ போன் எடுக்கும் பெண்களை உட்காரவைத்து அவரே பாடம் நடத்தினார். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குரலும் நடுங்கக் கூடாது, நடுங்கினால் அதுவும் ஒப்புக்கொண்ட மாதிரிதான். கொஞ்ச நாளில் எடுத்த கருத்துக் கணிப்பில் ஜனங்களின் கோபம் தணிந்திருந்தது. தலைவி கேக் வாங்கி வந்தாள். ரப்பரும் ஒரு துண்டு தின்றார்.

அந்த வாரமே அவருடைய தங்கை அவரை வீட்டுக்கு வரச் சொன்னாள். அவளுடைய இரண்டு வயது மகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இனிமேல் காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடத்தில் அவள் கணவனும் மாமியாரும் இருந்தார்கள். அந்தப் பிஞ்சு ஒரு டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது, சத்தம் எங்கே போயிற்று என்று தேடுவது போல.

“அண்ணா, எனக்கு நஷ்டஈடு வேணாம், கேஸும் போட மாட்டேன். உங்க சொட்டு மருந்த டாக்டர் சொன்ன அளவுதான் குடுத்தேன். நான் அளவுக்கு மேல ஊத்திட்டேன்னு அத்தை எல்லார்கிட்டயும் சொல்றாங்க. இவர் என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல. கை தவறிடுச்சோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நீ ஒரு தடவ சொன்னா போதும். மருந்தாலதானே?”

மருந்தால்தான். சரியான அளவில் கொடுத்தாலும் காது போகும் என்று சோதனைக்கூடத்து ஆட்கள் போன வருடமே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார், அது பொய்யில்லை. ‘உன் மேல தப்பே இல்லம்மா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே இரண்டு பேர் இருக்கிறார்களே, நாளைக்கு இது சாட்சியாகிவிட்டால் என்று ஒரு கணம் தயங்கினார். பாழாய்ப் போன பழக்கத்துக்கு அந்த ஒரு கணம் போதும்.

“உன் வேதனை எனக்குப் புரியுதும்மா. எதனால நடந்துச்சுன்னு இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. குழந்தை நல்லாகணும்னு வேண்டிக்கறேன்.”

“உன் அண்ணனே மருந்தாலன்னு சொல்லல, இன்னும் என்ன?” என்று மாமியார் எழுந்து உள்ளே போனாள். கணவனும் பின்னாலேயே போனான்.

தங்கை அழவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நேத்து உங்க கம்பெனிக்கு போன் பண்ணேன். ஒரு பொண்ணு இதையேதான் சொன்னா, வார்த்தைக்கு வார்த்தை. அவளுக்காவது குரல் நடுங்குச்சு.”

படியிறங்கும்போது, போனில் குரல் நடுங்கிய அந்தப் பெண் யார் என்று விசாரிக்க வேண்டும் என்பதுதான் ரப்பருக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் விசாரித்தார்.