பெற்றோலோ டீசலோ எண்டு ஒரு சண்டை

இண்டைக்கு விடிய சுன்னாகம் சந்தையிலை வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டு நிக்கேக்கை, பக்கத்திலை ஒருத்தர் மோட்டச்சைக்கிளுக்கை குழாய் விட்டு உறிஞ்சி, போத்தலுக்கை பெற்றோல் இறக்கினார். அந்த மணம் வந்து மூக்கிலை அடிச்சுது பாருங்கோ, நிண்ட நிலையிலை எனக்குக் கண்ணாலை கொட்டிச்சுது. வெங்காயச் சந்தையிலை அழுகிறதிலை ஒரு வசதி, ஏனெண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

எங்கடை வளவுக்கை முந்தி விடிஞ்சால் அந்த மணந்தான். இப்பத்தை ஆக்களுக்கு லொறி எண்டால் டீசல். அப்பான்ரை லொறி பெற்றோல். மூக்கு நீண்ட, அந்தக்காலத்து இங்கிலாந்துச் சாமான். அப்பாவும் லொறியும் ஆர் மூப்பெண்டு எனக்குச் சரியாத் தெரியாது, ரெண்டும் விடிய இருமிப்போட்டுத்தான் எழும்பும்.

அப்பா ஒரு சின்ன மருந்துப் போத்தலிலை பெற்றோல் வைச்சிருப்பார். எஞ்சின் மூடியைத் திறந்து, காபரேற்றருக்கை ரெண்டு சொட்டு விட்டிட்டு, "ம், அடி" எண்டுவார். உள்ளுக்கை இருந்து அண்ணை ஸ்ராட் அடிப்பார். சாமான் ஒண்டும் வரவிடாத சண்டைக் காலத்துப் பழக்கம் அது. அப்ப பெற்றோல் கண்ணிலை காணக் கிடையாதாம். சொட்டுப் பெற்றோலிலை எஞ்சினை எழுப்பிப்போட்டு, பேந்து மண்ணெண்ணெயிலை ஓட்டுறது. வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு இடம்பெயரேக்கை எங்கடை அயலை ஏத்திக்கொண்டு போனதும் உந்த லொறிதான். நான் அப்ப பிறக்கேல்லை. அப்பா சொல்லிச் சொல்லி, நானும் மேலை இருந்து அந்தப் புகைக்கு இருமினமாதிரிக் கிடக்கு.

அண்ணைக்கு டீசல் விசர். தேத்தண்ணி வந்தால் சண்டையும் வந்திடும்.

"அப்பா, லோட்டோடை எடுக்கேக்கை இது திணறுது. டீசல் எண்டால் மெல்ல ஓடேக்கையே இழுக்கும். இதுக்குப் பெற்றோல் பருக்கத்தானே நாங்கள் வெங்காயம் ஏத்துறம்!"

"டீசல் இல்லாட்டி என்ன செய்வாய்? இது மண்ணெண்ணெயும் குடிக்கும்."

"மண்ணெண்ணெய் எங்கை கிடக்கு? அம்மா அடுப்புக்கே தேடித் திரியிறா."

"தட்டுப்பாட்டு நேரம் டீசல் கியூவிலை லொறிக்குக் கீழை பாய் விரிச்சுப் படுத்தவங்களைப் பாத்தனிதானே?"

"பெற்றோல் கியூவிலை நீங்கள் என்ன, கதிரை போட்டே இருந்தனீங்கள்?"

அம்மா குசினிக்குள்ளை இருந்து, "ரெண்டு பேரும் ஆற முந்திக் குடிச்சிட்டுச் சண்டை பிடியுங்கோ" எண்டுவா.

அண்ணை வாயாலை மட்டும் கதைக்கிற ஆளில்லை. எஞ்சின் இருக்கிற இடத்தை அளந்து பூவரசந்தடி ஒண்டு வெட்டினவர். எஞ்சின் எவ்வளவு நீளம் இருக்கலாம், எஞ்சின் குந்திற தாங்கி எங்கை வரும் எண்டு அதிலை கத்தியாலை வெட்டு அடையாளம். பழைய எஞ்சின் கிடக்கிற இடம் எங்கையெண்டு கேள்விப்பட்டாலும் தடியோடை போயிடுவார். அப்பா பகிடி பண்ணுவார்: "உவன் பொம்பிளை பாக்கப் போறான்." வெறுங்கையோடை திரும்பி வந்தால், "என்ன, குறிப்புப் பொருந்தேல்லையோ?"

என்னையும் ஹெவி லைசென்ஸ் எடு எண்டு கலைச்சவர் அண்ணைதான். பள்ளிக்கூடத்தையே பாதியிலை விட்டவள் நான். எழுத்துச் சோதினையிலை றோட்டு அடையாளப் படத்தைப் பாத்து மாறி மாறி எழுதி முதல் தரம் கோட்டை விட்டன். "றோட்டிலை மாட்டைக் கண்டால் என்ன செய்வாய் எண்டு கேட்டிருப்பாங்கள், நாங்கள் மாட்டையே அனுப்பியிருக்கிறம்" எண்டு அண்ணை சிரிச்சார். அடுத்த தரம் விடியவிடிய இருந்து படிப்பிச்சு லைசென்ஸ் எடுப்பிச்சவரும் அவர்தான்.

போன மாரியிலை அண்ணைக்குக் காய்ச்சல். காபரேற்றரைக் கழட்டிக் கழுவிக்கொண்டு நிண்டவர், "தலை இடிக்குது, பேந்து பூட்டுறன்" எண்டு வந்து படுத்தார். ஆசுப்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரேல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் லொறியிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டிட்டார் அப்பா. அவன் ஓடின வாகனம், அவன்ரை காரியம் முடியட்டும் எண்டு. சரியெண்டு நாங்களும் கிட்டப் போகேல்லை. எஞ்சின் மூடி திறந்தபடி கிடந்ததை ஒருத்தரும் நினைக்கேல்லை. காபரேற்றர் கழட்டின ஓட்டையாலை மாரி மழை முழுக்க உள்ளுக்கை. அந்தியேட்டி முடிஞ்சு போய்ச் சுத்திப் பாத்தால், எஞ்சின் இறுகி ஒரு அசைவும் இல்லை.

பழைய இரும்பு வாங்கிறவர் படலையடியிலை வந்து நிண்டார். அப்பா வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. லொறி போனால் அண்ணையும் முழுசாப் போயிடுவார் எண்டு எனக்குப் பயம். மானிப்பாயிலை கராச் வைச்சிருக்கிற ராசண்ணையிட்டை ஓடினன்.

"பிஸ்ரன் தேடி எடுத்தால் பெற்றோலையே திருப்பிக் கட்டலாம் பிள்ளை. தேடுறதுதான் பாடு. டீசல் போடுறதெண்டால் தாங்கியை வெட்டி ஒட்டவேணும், கியர்ப்பெட்டி பொருந்தவேணும், முன்பாரம் கூடும், வில்லுத்தகடும் கூட்டவேணும். போட்டால் நிண்டு உழைக்கும். ஆனா கொப்பர் ஓமெண்டுவாரோ?"

வீட்டை வந்து சொன்னன். அப்பா லொறியின்ரை மூக்கைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"ஆர் ஓடுறது?"

"நான் ஓடுறன் அப்பா."

லொறியின்ரை மூக்கை ஒருக்காத் தடவினார். பேந்து, "உவன்ரை தடியை எடு" எண்டார்.

ராசண்ணையின்ரை கராச்சிலை சாக்குப் போட்டு மூடின டீசல் எஞ்சின் ஒண்டு கிடந்தது. நான் தடியை நீட்டினன். அப்பா தானே வாங்கி, எஞ்சினுக்கு மேலை மெதுவா வைச்சுப் பாத்தார். தாங்கி வெட்டு அடையாளத்துக்கு நேரை வந்துது. தடி எஞ்சினைவிட ஒரு விரல் நீளம்.

"குறிப்புப் பொருந்துது" எண்டிட்டு, அங்காலை திரும்பிச் சால்வையாலை மூஞ்சையைத் துடைச்சார்.

பூட்டி முடிஞ்சு வளவுக்கை வந்த அண்டைக்கு அம்மா நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சா. நான் ஏறி இருக்க, அப்பா பழக்க தோஷத்திலை மூடியைத் திறந்து, மருந்துப் போத்தலோடை குனிஞ்சு தேடுறார், தேடுறார்.

"ஐயா, உதுக்குக் காபரேற்றர் இல்லை" எண்டார் ராசண்ணை.

அப்பா போத்தலும் கையுமா அப்பிடியே நிண்டார். அழப்போறார் எண்டு நினைச்சன். மனுசன் சிரிச்சுது. அண்ணை போனதுக்குப் பிறகு அண்டைக்குத்தான் முதல் சிரிப்பு. "உவன் இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சிருப்பான்." மூடியைச் சாத்திப்போட்டு என்னைப் பாத்தார்.

"ம், அடி."

இப்ப பண்டத்தரிப்புப் பக்கம் தோட்டங்களிலையிருந்து ஏத்தி வரேக்கை அப்பா பக்கத்திலை இருந்து, "பாத்தியே, மெல்ல ஓடேக்கையே எப்பிடி இழுக்குது" எண்டு தான் கண்டுபிடிச்சமாதிரிச் சொல்லுறார். நான் விடுவனே? "பெற்றோல் எண்டால் இந்தச் சத்தம் இல்லையப்பா" எண்டுவன். அவருக்குப் பத்திக்கொண்டு வரும். சந்தை வருமட்டும் சண்டைதான்.

வளவுக்கை இப்ப பெற்றோல் மணம் இல்லை. விடிஞ்சால் டீசல் புகையும் அம்மான்ரை தேத்தண்ணியும்தான். தடி சீற்றுக்குப் பின்னாலை கிடக்கு. அந்த மருந்துப் போத்தலைக் கழுவி, அப்பா நல்லெண்ணெய் விட்டு வைச்சிருக்கிறார், என்ரை பக்கத்துக் கதவு கிறீச்சிடுதாம்.